எடுக்காத படத்தின் பாட்டு

என் முதல் பாட்டு ஒரு படத்தில் வந்தது. படத்தின் பெயர் 'மதகோரம் மஞ்சள் நிலா'. அப்படி ஒரு படத்தை இன்றைய தேதி வரைக்கும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் முசரவாக்கத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள், அதைத் தியேட்டரில் பார்த்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது கிடைப்பார்கள். கேட்டால் கதையும் சொல்வார்கள். கதாநாயகி கடைசியில் செத்துப்போவாளாம்.

இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் என்னை மேடைக்குக் கூப்பிடும் பிள்ளைகள் 'இண்டிபெண்டன்ட் ஆர்ட்டிஸ்ட் ஷாரோன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அறிவிப்பு என்றால் எங்கள் வேலாயுதம் அண்ணன் அறிவிப்பதுதான் அறிவிப்பு. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், மைக்கின் கழுத்தில் ஒரு கைக்குட்டை. தொண்டையைக் கனைத்து, "படம்..." என்று ஒரு இழுப்பு இழுப்பார். கடலை மென்றுகொண்டிருந்த கூட்டம் அப்படியே நிற்கும். "இசை... பாடல் வரிகள்... பாட வருபவர்..." என்று அவர் முடிப்பதற்குள் பாதிப் பாட்டு கேட்ட திருப்தி ஜனங்களுக்கு வந்துவிடும்.

காஞ்சிபுரத்தில் அவர் நடத்திய 'வேலாயுதம் இன்னிசைக் குழு'வில் பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்ந்தேன். அவருக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. பகலில் மைக் செட் வாடகைக் கடை, ராத்திரியில் அறிவிப்பு. சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்த என்னைக் கேட்டுவிட்டு, "டூயட்டுக்குக் குரல் இருக்குது, வந்துடுமா" என்றார். வந்துவிட்டேன். சினிமாப் பாட்டாகப் பாடித் தள்ளினேன். எல்லாம் அடுத்தவர் பாட்டு. என் பாட்டுகள் என் செல்போனுக்குள் முனகிக்கொண்டு கிடந்தன. அவற்றைக் கேட்ட ஒரே ஆள் எங்கள் கீபோர்டு மணிவண்ணன். அவன் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பகலெல்லாம் புடவை பிரித்துப் போடுவான், மடித்து வைப்பான். அந்த அலுப்பிலும் என் மெட்டுக்கு உட்கார்ந்து கீபோர்டில் கார்டு பிடிப்பான். நல்ல பிள்ளை.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பாட்டானாலும் பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி, அவ்வளவுதான். ரெண்டாவது சரணம் கிடையாது. "ஜனங்க பாட்டு கேட்டு சீட்டு எழுதிக் குடுத்துக்கினே இருக்காங்கமா, ரெண்டாவது சரணம் பாடினா விடிஞ்சிடும்" என்பார் வேலாயுதம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ரெண்டாவது சரணங்கள் எத்தனையோ அப்படிப் போயின.

முசரவாக்கம் ஆடித் திருவிழா. அதுதான் நாங்கள் முன்பு இருந்த ஊர். அப்பா என் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா மரியம்மாள் அங்கிருந்து கூடையில் கொய்யா எடுத்துப்போய் ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் விற்றுவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருவாள். நான் பஸ் நிற்கும் மதகின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்து டவுனுக்கே வந்துவிட்டோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி. அதனால் அம்மாவும் திருவிழாவுக்கு வந்து, அவள் சிநேகிதி சம்பூர்ணம் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு ஆண் குரல் ராமராஜன், பந்தலில் ஊற்றிய கூழை ஆசையாகக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். ஆளைக் காணோம். டூயட் எதுவும் பாட முடியாது. என் தனிப்பாட்டுகளும் தீர்ந்துவிட்டன. மணிவண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, என் மெட்டை மெதுவாக எடுத்தான்.

"இன்னா பாட்டுமா இது?" என்றார் வேலாயுதம், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"என் பாட்டுண்ணா."

"அதான் எந்தப் படம்?"

"படம் இல்லண்ணா. நானே எழுதினது."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி பார்த்தார். "படம் பேரு சொல்லலன்னா எல்லாம் எந்திரிச்சி பஜ்ஜிக் கடைக்குப் பூடுவாங்கமா!" கூட்டம் அதற்குள் சலசலக்க ஆரம்பித்தது. அவர் மைக்கை விட்டுக் கையை எடுத்தார். எதிரே ரோட்டோரத்தில் மதகு தெரிந்தது, அதன் மேல் மஞ்சள் பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "படம்... மதகோரம் மஞ்சள் நிலா!" என்றார். வாயில் வந்ததுதான். இசை, வரிகள் என்று இரண்டு பெயர்களையும் அங்கேயே பெற்றெடுத்தார். கூட்டம் உட்கார்ந்தது.

"கடைசி பஸ்ஸு வெளிச்சமே, கண்ணு கூச நிக்கிறேன்
எறங்கி வர்றது யாருன்னு எட்டி எட்டிப் பாக்கிறேன்."

பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி. முடித்தபோது விசில் காதைக் கிழித்தது. யாரோ காதலனுக்காக யாரோ ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ரெண்டாவது சரணம் கேட்டிருந்தால்தானே விஷயம் தெரியும்! மறுபடி பாடு, மறுபடி பாடு என்று அன்றைக்கே மூன்று சீட்டு வந்தது. மேடைக்குப் பின்னால் மணிவண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா சொன்னாள்: "அந்த மதகு பாட்டு நல்லா இருந்திச்சிடி. அந்தப் படத்த நான் பாக்கவே இல்லியே."

"அம்மா, அது நான் எழுதினது."

"போடி இவளே! சினிமாப் பாட்ட நீ எழுதினியா? மைக்குல சொன்னாங்களே, எனக்குக் காது கேக்கல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ரெண்டாவது சரணத்தை அங்கேயே, ஆட்டோவிலேயே பாடியிருந்தால் முடிந்திருக்கும். பெற்ற மகள் சொல்வதைவிட மைக் பெரிதாகப் போய்விட்டதா, இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வீம்பில் வருஷங்கள் ஓடின.

அதற்குள் அந்தப் படம் ஓடியது பாருங்கள், ஓட்டம்! கூரம், முசரவாக்கம், அந்தப் பக்கத்து ஊரெல்லாம் சீட்டு வரும்: 'மதகோரம் மஞ்சள் நிலா பாட்டு வேண்டும்'. வேலாயுதமும் சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷம் "வெள்ளிவிழா கண்ட" என்று சேர்த்தார். அடுத்த வருஷம் "தாய்மார்களின் கண்ணீரில் நனைந்த" என்றார். முசரவாக்கம் விழாக் குழுத் தலைவர் பரசுராமன் என்னிடமே வந்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு டவுனில் அந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். "கடைசில அந்தப் பொண்ணு மதகு மேலயே செத்துப்பூடும்மா. தியேட்டரே அழுதுச்சி." நான் என்ன சொல்ல? "ஆமாங்க தலைவரே, பாவம்" என்றேன். அந்த நாட்களில் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. மணிவண்ணனும் நானும் பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்துக்கு வில்லனையெல்லாம் கண்டுபிடித்துச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு இப்போது எந்த ஊரில் தேடினாலும் கிடைக்காது.

பிறகு குழுவுக்குக் கச்சேரிகள் குறைந்தன. நாமே பதிவுபண்ணி நெட்டில் போட்டால் என்ன என்று மணிவண்ணன் கேட்டான். அவன் கடை லீவு நாளில், முதலாளியிடம் சொல்லி, மாடி ஸ்டாக் ரூமில் பதிவு செய்தோம். நாலு பக்கமும் புடவைக் கட்டு, கூரை வரைக்கும். வெளியே இருக்கும் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. பட்டு வாசனையும் புழுக்கமும் மூச்சை அடைக்க, ஃபேனை அணைத்துவிட்டு, வியர்வை வழிய வழியப் பாடினேன். அப்போதும் ஒரே சரணம்தான். "மூணு நிமிஷத்துக்கு மேல போனா எவனும் கேக்க மாட்டான்" என்றான் அவனும். எல்லாரும் வேலாயுதத்தின் சிஷ்யர்கள்தான். 'பாடல், இசை, குரல்: ஷாரோன்' என்று போட்டோம். என் பெயரை நானே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் போனது. கமெண்டுகள் வந்தன.

'இது மதகோரம் மஞ்சள் நிலா படப் பாட்டு. வெட்கமில்லாம திருடி சொந்தப் பாட்டுன்னு போட்டிருக்கு.' 'எங்க அப்பா இந்தப் படத்த பார்த்திருக்காரு.' 'எங்க ஊர்ல வருஷா வருஷம் பாடுவாங்க, நாங்க என்ன முட்டாளா?'

வருஷா வருஷம் பாடினதே நான்தானடா பாவிகளா! ஃபோனைத் தூக்கி எறியப் போனேன். தவணை முடியாத ஃபோன், எறியவில்லை.

அதோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். சென்னையில் சொந்தப் பாட்டு பாடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு மேடை நடத்துகிற திரிஷா என்ற பெண் அந்தப் பாட்டைக் கேட்டு என்னை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தாள். ஆடி முடிந்து ஒரு தேதிகூடச் சொல்லிவிட்டாள். என் வாழ்க்கையில் முதல்முறையாக, என் பாட்டுக்காகவே ஒரு மேடை. அவள் மறுபடி ஃபோன் செய்தாள்.

"ஷாரோன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க ஒரிஜினல் மட்டும்தான் எடுக்குறோம். இத்தனை பேர் படம் பார்த்திருக்கேன்னு சொல்றாங்களே?"

"அப்படி ஒரு படமே கிடையாதுங்க. தேடிப் பாருங்க."

"தேடினேன். கிடைக்கல. ஆனா பழைய படம் எவ்வளவோ நெட்ல இல்லையே. முதல்ல அறிவிச்சவர் யாரோ, அவரையே ஒரு வீடியோல சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா உங்க இடத்த வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டியதாயிடும்."

நேராக வேலாயுதத்தின் மைக் செட் கடைக்குப் போனேன். போன வேகத்தில் குரல் எகிறியது. "இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க? என் பாட்டுக்கு நானே திருடியா? இப்பவே இந்த ஃபோனுல சொல்லுங்க, படம் இல்லன்னு!"

அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். முகம் தொங்கிப்போய்விட்டது. "செல்போனுல பேசறதுக்கு நான் இன்னா ரீல்ஸ் போடுறவனாமா? மைக்குல சொன்னத மைக்குலதான் மாத்தணும். சொன்ன ஊர்லயே சொல்றேன். ஆடிக்கு வா."

"மாத்திச் சொன்னா உங்க பேரு கெட்டுடும்ண்ணா" என்றேன். கோபம் அதற்குள் பாதி வடிந்திருந்தது.

"உன் பேரு கெட்டுப்போச்சே, அதுக்கு இன்னா?" என்றார்.

ஆடி வந்தது. அதே பந்தல், அதே கூழ், அதே முன்வரிசை. அம்மாவும் சம்பூர்ணமும் பக்கத்துப் பக்கத்தில். மணிவண்ணன் தன் ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டான். வேலாயுதம் மைக்கைப் பிடித்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

"பெரியோர்களே, தாய்மார்களே! மதகோரம் மஞ்சள் நிலான்னு ஒரு படம் கிடையாது. நான்தான் அன்னிக்கு வாய்க்கு வந்தத சொன்னேன். அந்தப் பாட்ட எழுதினது, மெட்டுப் போட்டது, நம்ம ஷாரோன்."

பரசுராமன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னாபா வேலாயுதம், குடிச்சிட்டு வந்திருக்கியா? நான் என் ரெண்டு கண்ணால பாத்த படம் அது!"

"டிவியிலகூட போட்டானே" என்றாள் ஒருத்தி.

"நம்ம ஊரு பொண்ணுன்றதுக்காக அடுத்தவன் பாட்டத் தூக்கிக் குடுக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. இன்னொருவன் விசிலடித்தான், நல்ல விசில் இல்லை. அத்தனை வருஷம் வேலாயுதம் சொன்னதை நம்பின ஊர், அன்றைக்கு உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மகள் திருடிவிட்டாள் என்ற வெட்கம் அது.

அந்தக் கூட்டத்தை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின பிறகு வேறு ஒன்று தோன்றியது.

"மணி, ரெண்டாவது சரணம்" என்றேன்.

"சட்டம்..." என்றான் அந்த மடையன்.

"சட்டமாவது ஒண்ணாவது! வாசிடா!"

வாசித்தான். இந்த ஊரில் ஒருமுறைகூடப் பாடாத வரிகளைப் பாடினேன்.

"கொய்யாக்கார மரியம்மா, கூட எறக்கி வையம்மா
ஊருக்கெல்லாம் தராசுல, மிச்சம் எனக்கு மடியில."

ரெண்டாம் முறை அந்த வரிகளுக்குத் திரும்பும்போதே சம்பூர்ணம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "அடியே மரியம்மா! உன் பேருடி! உன் கூடடி அது!" என்று அம்மாவின் தோளைப் பிடித்து ஆட்டினாள். தலைகள் எல்லாம் மேடையை விட்டு அம்மா பக்கம் திரும்பின. அந்த ஊரில் கொய்யாக்கார மரியம்மாவைத் தெரியாதவர்கள் யார்? பஸ் ஏறும் முன் அந்தக் கூடைக்குள் கை விடாத பிள்ளை யார்? சினிமாக்காரனுக்கு அவளை எப்படித் தெரியும்?

பரசுராமன் நின்றபடியே இருந்தார். மேடையைப் பார்த்தார், ரோட்டோர மதகைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அப்ப அந்த மதகு... நம்ம மதகா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வேலாயுதம் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். அந்த இழுப்பு திரும்பி வந்துவிட்டது.

"படம்... கிடையாது! இசை... ஷாரோன். பாடல் வரிகள்... ஷாரோன். பாடியவர்... நம்ம ஊரு ஷாரோன்." ஒரு மூச்சு விட்டார். "கதாநாயகி... கொய்யாக்கார மரியம்மா!"

பந்தல் அதிர்ந்தது. அம்மா எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டாள். பரசுராமன் அவள் பக்கம் போய், "படத்துல செத்துப்பூடுவாளேன்னு எனக்கு இத்தினி வருஷமா வருத்தம்மா. நீ நல்லா இரு" என்றார். இன்றைக்கும் அந்த மனுஷன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டதில்லை.

மணிவண்ணனின் வீடியோ அங்கிருந்தே திரிஷாவுக்குப் போனது. மேடை உங்களுக்குத்தான், ரெண்டாவது சரணத்தோடு வாங்க என்று பதில் வந்தது. நான் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டேன். எனக்கு அப்போது அம்மாவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஷேர் ஆட்டோவில் நாங்கள் இருவரும் பின்சீட்டில் இருந்தோம். அம்மா என் கையைப் பிடித்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை.

"நீ அன்னிக்கே சொன்னியேடி. நான்தான் மைக்க நம்பிட்டேன்."

"விடும்மா."

"அந்த சரணத்த ஏன்டி இத்தினி நாளா எனக்குப் பாடிக் காட்டல?"

"நீ எங்க கேட்ட?" என்றேன். பழைய வீம்பு ஒரு துளி மிச்சமிருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாட்டுல ஒண்ணு தப்புடி."

"என்ன தப்பு?"

"வித்து மிஞ்சினது உனக்குன்னு நெனச்சிக்கினு எழுதியிருக்கிற. கடைசி பஸ்ஸுல கொண்டாந்தா அப்படித்தான் தோணும். மிச்சம் இல்லடி அது. விடியக்கால கூடைய அடுக்கறப்பவே, இருக்கறதுலயே நல்ல பழமா ஒண்ண மொதல்ல எடுத்து மடியில கட்டிக்கினுதான் பஸ் ஏறுவேன். நாள் பூரா இடுப்புல இடிச்சிக்கினே கெடக்கும். எத்தினியோ பேரு கேட்டாங்க, தரல."

"இதை ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" என்றாள் அம்மா.